ஓடை போகும் வழியே குழாயும்: பாதாளச் சாக்கடை விரிவாக்கம் பற்றி வாசகர்கள் கேட்டவை

நகராட்சிகளின் எல்லை விரியும்போது பாதாளச் சாக்கடையையும் விரிவாக்கத் திட்டமிடுகிறார்கள். இதனால் ஊரின் ஏரிகளும் ஓடைகளும் காப்பாற்றப்படுமா என்பது குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, உள்ளூர் நிர்வாகத்தின் மீது குறை கூறுபவை. ஆகவே எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்து, கேள்விகளை மட்டும் சுருக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: எங்கள் நகராட்சியுடன் பக்கத்து ஊராட்சிகள் இணைக்கப்பட்டுள்ளன. பாதாளச் சாக்கடை முதலில் எந்த வார்டுக்கு வரவேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் நடக்கிறது. இதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது சரி?

வார்டு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, நில மட்டக் கோடுகள் குறித்த வரைபடத்தை மேசைமீது விரிப்பதுதான் முதல் வேலை. வார்டு எல்லை வாக்காளர்களின் எண்ணிக்கைக்காக வரையப்பட்டது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. ஒரு தெருவில் விழும் மழை எந்த ஓடைக்குப் போகிறது, அந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்து எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தால், ஊர் தானாகவே மூன்று நான்கு நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரிந்து நிற்பது தெரியும். பாதாளச் சாக்கடையின் மண்டலங்களும் பெரும்பாலும் அந்தப் பிரிவுகளை ஒட்டியே அமைய வேண்டும்.

இது சுற்றுச்சூழல் அக்கறைக்காக மட்டும் சொல்வதல்ல. செலவுக் கணக்கும் அதையே சொல்கிறது. கழிவுநீர் தன் எடையால் தானே ஓட வேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும். நீரின் வேகம் உச்ச நேரத்தில் நொடிக்கு 0.6 மீட்டராவது இருந்தால்தான் குழாயின் அடியில் மணலும் மலமும் படியாமல் அடித்துச் செல்லப்படும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. வீடுகளிலிருந்து தொடங்கும் சிறு குழாய்களில் அந்த வேகம் கிடைக்க, 150 முதல் 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவிலாவது சரிவு தேவைப்படும். சமதளமான தெருவில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 5 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். தெருவே எதிர்த்திசையில் ஏறிச் சென்றால், ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் கூடுதலாகத் தோண்ட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் தோண்ட முடியாது. அங்கே கழிவுநீரேற்று நிலையம் கட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அந்த மோட்டாருக்கான மின்கட்டணத்தை நகராட்சி ஆண்டுதோறும் கட்டியாக வேண்டும். நிலத்தின் சரிவோடு ஒத்துப் போகும் மண்டலத்தில் இந்தச் சுமை பெருமளவு குறைகிறது.

அப்படியானால் எந்த மண்டலம் முதலில்? குடிநீருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன்படும் நீர்நிலை எந்தச் சரிவில் இருக்கிறதோ, அதற்கு மேலே மக்கள் நெருக்கம் எங்கே அதிகமோ, அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஊராட்சியின் திறந்தவெளிக் கிணறு ஏரிக்கரையின் கீழ்ப்புறம் இருந்தால் அந்த ஏரியும் குடிநீர் ஆதாரமே. மன்றக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை யாராவது எழுப்பினால் வாக்குவாதம் குறையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

கேள்வி: எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. பிறகு எதற்குப் பாதாளச் சாக்கடை? இது வீண் செலவில்லையா?

எல்லா வீட்டிலும் இருப்பது உண்மையிலேயே செப்டிக் டேங்க்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முறையான தொட்டியில் அடித்தளம் காரை பூசப்பட்டு, நடுவில் தடுப்புச் சுவருடன் குறைந்தது இரண்டு அறைகள் இருக்கும். கசடு முதல் அறையில் படியும். தெளிந்த நீர் இரண்டாவது அறை வழியாக உறிஞ்சுகுழிக்குச் செல்லும். நம் ஊர்களில் அந்தப் பெயரில் இருப்பவற்றுள் கணிசமானவை அடித்தளம் இல்லாமல் சிமெண்டு உறைகளை அடுக்கிய குழிகளே. இன்னொரு வகையும் உண்டு. தெருவோரத் திறந்த சாக்கடையை ஒட்டி நடந்து பாருங்கள்: வீட்டு மதில்சுவரின் அடியிலிருந்து நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று சாக்கடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே சுவரில் கருப்பாக வழிந்த தடம் இருக்கும். தொட்டி நிரம்பாமல் இருக்க வைத்த வழி அது. அந்த வீட்டுக்காரர் பத்து ஆண்டுகளாகக் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். அந்தச் சாக்கடை போய்ச் சேருமிடம் ஏரி.

சரியாகக் கட்டிய தொட்டியாக இருந்தாலும் அது செய்யாத வேலை ஒன்று உண்டு. ஒரு மனிதரின் உடலிலிருந்து ஓராண்டில் மூன்று நான்கு கிலோ அளவுக்கு நைட்ரஜன் வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். செப்டிக் டேங்க் கசடைப் பிடித்து வைக்குமே தவிர, கரைந்துள்ள நைட்ரஜனை ஏறத்தாழ அப்படியே வெளியே அனுப்பிவிடும். மண்ணில் இறங்கியதும் அது நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரோடு கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. அதைத் தாண்டினால், குறிப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும்போது மண்ணும் பயிரும் இதைச் சமாளிக்கும். அரை கிரவுண்டுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு குழி, குழிக்கு எட்டடி தள்ளி ஒரு போர்வெல் என்ற நிலைக்கு வந்தபின் சமாளிக்காது.

ஆகவே நெருக்கமான பகுதிகளில் பாதாளச் சாக்கடை வீண் செலவு அல்ல. ஆனால் எல்லா இடத்துக்கும் அது வேண்டுமா என்ற உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. அதைக் கீழே இன்னொரு கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்ற இடத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். அங்கே இன்னும் செப்டிக் டேங்க்தானாம். இப்போது புதிதாகப் பாதாளச் சாக்கடை போடுகிறார்களாம். அமெரிக்காவிலுமா இந்த நிலை?

ஆம். நாம் கவனிக்க வேண்டிய உதாரணமும் அதுவே. கேப் காட் கடலுக்குள் வளைந்து நீண்ட ஒரு மணல் தீபகற்பம். பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மணலாலும் கூழாங்கற்களாலும் ஆனது. அங்குள்ள 15 ஊர்களில் பெரும்பாலான வீடுகள் செப்டிக் டேங்கையே நம்பியுள்ளன. குடிநீரும் அதே மணலுக்கடியிலிருந்துதான் வருகிறது. அந்த நிலத்தடி நீரே அப்பகுதியின் ஒரே குடிநீர் ஆதாரம் என்று 1982இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. வீடுகளின் நைட்ரஜன் மணல் வழியே மெல்ல ஊர்ந்து, கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் கடற்கழிகளுக்குச் செல்கிறது. அங்கே பாசி பெருகி நீர் கலங்க, வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல் அழிகிறது. அந்தப் புல்லில் வளரும் சிப்பி இனங்களும் குறைகின்றன. வெளியே பார்த்தால் எந்தக் குழாயும் கழிக்குள் கழிவுநீரைக் கொட்டவில்லை. ஆனாலும் கழி கெடுகிறது.

2023 ஜூலையில் மாசசூசெட்ஸ் அரசு கொண்டுவந்த விதிகளின் நயம், அவை தனி வீட்டையோ தனி ஊரையோ அலகாகக் கொள்ளாமல் நீர்ப்பிடிப்புப் பகுதியை அலகாகக் கொண்டதுதான். குறிப்பிட்ட கழிக்கு வந்து சேரும் நைட்ரஜனை இவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை எட்டுவதற்கான 20 ஆண்டுத் திட்டத்தை ஊர் சமர்ப்பித்து அனுமதி பெறலாம். பெறாவிட்டால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் உள்ள வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் நைட்ரஜனைக் குறைக்கும் நவீனத் தொட்டியைத் தம் செலவில் பொருத்த வேண்டியிருக்கும். இதற்கு முன்பே, 2018இல், பிளெசன்ட் பே என்ற கழியைச் சுற்றியுள்ள புரூஸ்டர், சாத்தம், ஹார்விச், ஆர்லியன்ஸ் ஆகிய நான்கு ஊர்கள் சேர்ந்து இத்தகைய கூட்டு அனுமதியை முதன்முதலாகப் பெற்றன. நம்மூரில் ஓர் ஏரிக்கு நீர் அனுப்பும் ஒரு நகராட்சியும் இரண்டு ஊராட்சிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதை எண்ணிப் பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாமல் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை.

பணத்துக்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, விடுமுறைக்கு வருவோர் தங்கும் அறைகளின் வாடகைமீது விதிக்கப்படும் 2.75 விழுக்காட்டுக் கூடுதல் வரி. ஊர்வாசிகளைவிடக் கோடையில் வருகிறவர்கள் அதிகம். அவர்களும் கழிவறையைப் பயன்படுத்துகிறார்கள் அல்லவா! உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தக்கூடிய யோசனை இது. உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: குழாய் போட்ட மறு ஆண்டே கழி தெளிந்துவிடாது. மணலுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரஜன் கழியை அடையப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட ஆகும்.

கேள்வி: எங்கள் தெருவில் குழாய் பதித்து ஆறு ஆண்டுகளாகின்றன. மூடிகள் இருக்கின்றன, சாலையும் மேடுபள்ளமாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேர்கூட இணைப்பு வாங்கவில்லை. ஏரி முன்போலவே நாறுகிறது. யார்மீது தவறு?

திட்டமிட்ட முறையில்தான் தவறு. பதித்த குழாயின் நீளத்தைக் கிலோமீட்டரில் சொல்வது சாதனை விளம்பரத்துக்கு வசதி. ஏரியைப் பொறுத்தவரை இணைக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை ஒன்றே கணக்கு. பாதி வீடுகள் இணையாவிட்டால் ஏரிக்குப் பாதிக் கழிவு தொடர்ந்து போவது மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் போதிய நீர் ஓடாமல் வேகம் குறைந்து, கசடு படிந்து, இணைந்த பாதிப் பேருக்கும் அடைப்பு ஏற்படும். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் இணைப்பு வாங்கத் தயங்குவார்கள்.

மக்கள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. வைப்புத்தொகை ஒருபுறம், அதைவிட, வீட்டுக்குள் தரையை உடைத்து, கழிவறைக் குழாயைத் திருப்பி, பழைய தொட்டியை மூடும் செலவு பெரிது. கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தால் குழாய் நடுக்கூடத்தின் அடியில் வரவேண்டும். அதற்கு எந்த வீட்டுக்காரர் எளிதில் சம்மதிப்பார்?

இந்த விஷயத்தில் ஆலந்தூரை நினைவுகூர வேண்டும். இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட அந்த ஊர், 1990களின் இறுதியில் தனி நகராட்சியாக இருந்தபோது, குழாய் பதிக்கத் தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத்தொகை வசூலித்தது. பணம் கட்டியவர்களுக்குத் திட்டத்தின்மீது உரிமை பிறந்தது. வேலை தாமதமானால் கேள்வி கேட்டார்கள். குழாய் வந்ததும் இணைந்தார்கள். நகராட்சித் தலைவரும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தெருத்தெருவாகப் பேசி இதைச் சாதித்தார்கள். பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கி ஒப்படைக்கும் முறையும் அந்தத் திட்டத்தில் புதுமை. அதே தொகையை இன்று அதே விதமாக எல்லா ஊரிலும் வசூலிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கூலி வேலை செய்வோர் அதிகமுள்ள ஊரில் தவணை வசதியும் மானியமும் வேண்டும். ஆனால் வீட்டு இணைப்பை ஒப்பந்ததாரரின் பணிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். வீட்டுக் கழிவறைவரை குழாய் பதித்துத் தந்தால்தான் பணி முடிந்ததாகக் கணக்கிட வேண்டும். குழாயைத் தெருவோடு நிறுத்திவிட்டு மீதி மக்களின் பொறுப்பு என்பது நிதியைப் பிரித்துக் காட்ட உதவலாம், ஏரிக்கு உதவாது.

கேள்வி: சரிவை ஒட்டிக் குழாய் போட வேண்டும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் முதன்மைக் குழாயை ஓடைக்கரையிலேயே போட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் மூடிகள் வழியே பொங்கி ஓடைக்குள்ளேயே விழுகிறது. இது என்ன திட்டம்?

நீங்கள் சுட்டியிருப்பது இந்த முறையின் உண்மையான பலவீனம். ஊரின் தாழ்வான கோடு ஓடை; எனவே முதன்மைக் குழாயும் அங்கேதான் வந்து நிற்கும். குழாய் சரியாக இருக்கும்வரை ஓடைக்குப் பாதுகாப்பு. பிசகினாலோ, ஊரின் மொத்தக் கழிவும் ஒரே இடத்தில் ஓடைக்குள் விழும்.

மழைக்காலத்தில் பொங்குவதற்கு முதற்காரணம், மழைநீர் உள்ளே நுழைவது. நம் பாதாளச் சாக்கடை மழைநீருக்காக வடிவமைக்கப்படுவதில்லை. 50,000 பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்ற வழக்கமான கணக்கின்படி நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். சராசரியாக நொடிக்கு 62 லிட்டர். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையே எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பதால், அதைப்போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்குவரை தாங்குமாறு குழாய் அமைப்பார்கள். ஆனால் நூறு சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை, அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் மணிக்கு 5,000 லிட்டர் நீரை இறக்கும். அந்த வீட்டில் ஐந்து பேர் ஒரு வாரம் முழுவதும் வெளியேற்றும் கழிவுநீரே 3,780 லிட்டர்தான். மாடிக் குழாயைச் சாக்கடையில் சொருகியவர்கள் ஊரில் சில நூறு பேர் இருந்தாலே போதும்.

இரண்டாவது காரணம், ஓடைக்கரையில் உள்ள ஆள்நுழைவுக் குழிகளே. ஓடையில் வெள்ளம் வரும்போது நீர்மட்டம் மூடியைவிட உயர்ந்தால் ஓடையே சாக்கடைக்குள் இறங்கும். குழியின் செங்கல் சுவரில் காரை உதிர்ந்திருந்தால் மழை நின்ற பிறகும் பல வாரங்களுக்கு ஊற்று உள்ளே கசிந்துகொண்டிருக்கும். ஓடைக்கரையில் குழாய் போடும் கட்டாயம் இருந்தால், குழியின் கழுத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவது, செங்கலுக்குப் பதில் நீர் புகாத முன்வார்ப்புக் கான்கிரீட்டைப் பயன்படுத்துவது, நீரேற்று நிலையத்துக்கு இரண்டு வழிகளில் மின்சாரமும் டீசல் ஜெனரேட்டரும் தருவது ஆகியவற்றைத் திட்டத்தின் விலையாகவே கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் இருப்பதும் அதற்கு டீசல் இருப்பதும் வேறு வேறு என்பதையும் நம் ஊர்களில் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏரிப் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரியைக் காக்கும் திட்டத்துக்கு ஏரியையே எடுப்பது சரியா?

சரியல்ல. ஆனால் ஏன் எல்லா ஊரிலும் அப்படியே நடக்கிறது என்பதற்குக் காரணம் எளியது: அந்த நிலம் தாழ்வாக இருக்கிறது, அரசு நிலமாக இருக்கிறது, விலை கொடுக்க வேண்டியதில்லை. சென்னையில் பெருங்குடிக் குப்பைமேடும் சுத்திகரிப்பு நிலையமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பரப்பில்தான் உட்கார்ந்தன. அதே சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது; இழந்த பரப்பு திரும்பவில்லை. ஏரியின் நீர்ப்பரவல் பகுதியில் கட்டப்படும் நிலையம் வெள்ளத்தில் மூழ்கும் ஆபத்தும் உண்டு. மூழ்கினால் அதன் தொட்டிகளில் உள்ளதெல்லாம் ஏரிக்குள் கலக்கும். இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தை விலைக்கு வாங்குவது மொத்தத் திட்டச் செலவில் சிறு பங்காகவே இருக்கும். கருத்துக்கேட்பு நடந்தால் இந்த மாற்று இடத்தின் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு இப்போது வருவதே நகரத்தின் சாக்கடை நீர்தான். அதை வைத்துத்தான் புல்லும் நெல்லும் பயிரிடுகிறோம். பாதாளச் சாக்கடை வந்து அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டால் எங்கள் கதி என்ன?

வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இது. திட்ட அறிக்கைகளில் இதற்குப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. மேட்டில் உள்ள மூன்று நான்கு கண்மாய்களுக்குத் தனித்தனியே வந்துகொண்டிருந்த நீர் முழுவதையும் ஒரே குழாயில் திரட்டி, ஊருக்குக் கீழே ஒரே இடத்தில் சுத்திகரித்து ஆற்றில் விட்டால், ஆறு ஓரளவு தெளியலாம். மேட்டுக் கண்மாய்கள் கோடையில் வறண்டுவிடும். கண்மாய் வறண்டால் அதன் ஊற்றை நம்பிய கிணறுகளும் வறளும். வறண்ட கண்மாய் வீட்டுமனையாவதற்கு நம் நாட்டில் அதிகக் காலம் எடுப்பதில்லை.

இதற்கு வழி, சுத்திகரிப்பைப் பிரிப்பது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் கழிவுநீரை அதற்குள்ளேயே சிறு நிலையத்தில் சுத்திகரித்து, அதே கண்மாய்க்குத் திருப்பி விடலாம். பெரிய நிலையம் ஒன்றைவிடச் சிறியவை நான்குக்கு ஆள் செலவு அதிகம் என்பார்கள், உண்மைதான். ஆனால் கழிவைக் கீழே இறக்கி, சுத்தமான நீரை மீண்டும் மேலே ஏற்றும் மின்செலவையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும்.

எந்தத் தரத்தில் திருப்பி விடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. சுத்திகரித்த நீரில் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அழுகக்கூடிய கழிவு நீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு), பெருநகரங்கள் அல்லாத இடங்களில் லிட்டருக்கு 30 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்று 2017இல் மத்திய அரசு அறிவித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆகக் குறைக்கச் சொன்னது. ஓடும் ஆற்றுக்கு இந்த அளவு முக்கியம். தேங்கி நிற்கும் கண்மாய்க்கோ, பி.ஓ.டி. குறைந்திருப்பது மட்டும் போதாது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படியே இருந்தால், கண்ணாடிபோல் தெளிந்த நீரை விட்டாலும் அடுத்த ஆண்டு ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரைவரை மூடிவிடும். ஆகவே கண்மாய்க்கு நீர் விடும் நிலையத்தில் இந்த இரண்டையும் நீக்கும் ஏற்பாடு வேண்டும். அல்லது நீரை முதலில் வயலுக்கு விட்டு, வடியும் நீர் கண்மாய்க்கு வருமாறு செய்ய வேண்டும். பயிருக்கு அந்தச் சத்து வேண்டும், கண்மாய்க்கு வேண்டாம். நீங்கள் இப்போது பயன்படுத்தும் சுத்திகரிக்காத நீரில் புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் உள்ளன என்பதையும் சொல்லியாக வேண்டும். வரப்பில் வெறுங்காலோடு நிற்பவர்கள் நீங்கள்தான்.

நீருக்குப் போட்டி வரும் என்பதையும் எதிர்பாருங்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய இரண்டு நிலையங்கள், தலா நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறைவரை கொண்டுசென்று தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. நல்ல முயற்சி அது. ஆனால் உங்கள் ஊரிலும் ஓர் ஆலை அந்த நீரைக் கேட்டு வரும்போது, கண்மாயின் பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் இல்லாவிட்டால், விலை கொடுப்பவர் பக்கமே குழாய் திரும்பும். பாசன சங்கத்தின் பெயரில் மனு கொடுத்து அந்தப் பங்கைத் திட்ட அறிக்கையிலேயே குறிக்கச் செய்யுங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில், ஏக்கருக்கு இரண்டு மூன்று வீடுகளாக இருக்கிறோம். எங்களையும் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பார்களா?

சேர்க்காமல் இருப்பதே நல்லது. வீடுகள் விலகி இருக்கும் இடத்தில் குழாயின் நீளம் கூடும், ஓடும் நீர் குறையும், அடைப்பு நிச்சயம். அதோடு, குழாய் வந்தால் பின்னாலேயே மனைப்பிரிவும் வரும். காக்க நினைத்த நீர்ப்பிடிப்புப் பகுதியே வீடுகளால் நிரம்பிவிடும். உங்களுக்குப் பொருத்தமானது, அடித்தளமுள்ள முறையான செப்டிக் டேங்க், கிணற்றிலிருந்து தள்ளி அமைத்த உறிஞ்சுகுழி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை லாரி வைத்துக் கசடை அகற்றுதல். அந்த லாரி ஓடையில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறதா என்பதே இங்கு முக்கியம். தமிழக அரசு 2014இலேயே கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியிலும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்திலும் கசடுக்கென்றே தனி நிலையங்கள் இயங்குகின்றன. விரிவாக்கத் திட்டத்தின் வரைபடத்தில் குழாய் போகாத பகுதிக்கும் ஒரு நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாக விடக் கூடாது.

கேள்வி: ஆழமான குழிகளில் இறங்கிச் சாவது இன்னும் நிற்கவில்லையே. புதிய திட்டத்திலாவது இதற்கு வழி உண்டா?

பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் மனிதர்களை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. திட்டமிடுவோர் செய்யக்கூடியது, இறங்க வேண்டிய தேவையையே இல்லாமல் செய்வது. குழாய் ஆழம் குறைவாக இருக்குமாறு மண்டலங்களைப் பிரிப்பது, அடைப்பு நீக்கும் வண்டி நுழைய முடியாத சந்துகளில் மேலிருந்தே கம்பி விட்டு எடுக்கக்கூடிய சிறு ஆய்வுத் தொட்டிகளை அமைப்பது, அந்த வண்டிகளின் விலையைத் திட்டச் செலவிலேயே சேர்ப்பது. வண்டி வாங்கப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிய திட்டத்தில் யார் இறங்குவார்கள் என்பது எழுதாமலே தெரியும்.

கேள்வி: விரிவான திட்ட அறிக்கை ஐந்நூறு பக்கம் இருக்கிறது. பொறியியல் தெரியாத நாங்கள் அதில் எதைப் பார்ப்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் நகல் கிடைக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். முதலில், நில மட்டக் கோடுகளும் ஓடைகளும் ஏரிகளும் குழாய்களும் ஒரே தாளில் இருக்கும் வரைபடம் உள்ளதா என்று பாருங்கள். ஓடைகள் இல்லாத வரைபடத்தை வைத்துப் போட்ட திட்டத்தை நம்ப வேண்டாம். அடுத்து, 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகை மதிப்பீட்டைப் பாருங்கள். அதை மிகையாகக் காட்டினால் பெரிய குழாயில் சிறு நீர் ஓடி அடைக்கும். குறைத்துக் காட்டினால் பத்தாண்டில் பொங்கும். வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையும் அதற்கான தொகையும் பணிப்பட்டியலில் உள்ளனவா என்பது மூன்றாவது. இறுதியாக, ஆண்டுப் பராமரிப்புச் செலவு என்ற அட்டவணையைத் தேடி, அந்தத் தொகையை உங்கள் நகராட்சியின் சொத்துவரி வருவாயோடு ஒப்பிடுங்கள்; கட்டுவதற்கு மத்திய, மாநில அரசுகளின் மானியம் வரும், மோட்டார் ஓட்டுவதற்குப் பெரும்பாலும் வராது.

பார்த்த குறைகளை உங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே கொடுப்பது அவசியம். பள்ளம் தோண்டிய பிறகு வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தக்கூட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.